இயன் சூறாவளி, 2022: ஆப்பிரிக்கக் கரை முதல் கயோ கோஸ்டா வரை ஒரு நிகழ்வு ஆய்வு

2022 செப்டம்பர் 28, புதன்கிழமை, ஃபுளோரிடா நேரம் பிற்பகல் 3:05 மணிக்கு இயன் சூறாவளியின் மையம் லீ கவுன்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) உள்ள கயோ கோஸ்டா தீவில் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 240 கி.மீ., மைய அழுத்தம் 941 மில்லிபார், காற்று வேகத்தை வைத்து ஐந்து வரை எண்ணும் அளவுகோலில் வகை 4. அமெரிக்காவின் தேசிய சூறாவளி மையத்தின் இறுதி அறிக்கையின்படி 156 பேர் இறந்தனர். இதில் புயலால் நேரடியாக இறந்தவர்கள் 66 பேர். அந்த 66 பேரில் 41 பேர் கரையேறிய கடல்நீரில் இறந்தவர்கள், அந்த 41 பேரில் 36 பேர் லீ கவுன்டியில். சேத மதிப்பு சுமார் 113 பில்லியன் டாலர். ஃபுளோரிடா வரலாற்றில் இதைவிட அதிகப் பொருட்சேதம் செய்த புயல் வேறில்லை.

இத்தனைக்கும் இது சொல்லாமல் வந்த புயல் அல்ல. ஐந்து நாட்களுக்கு மேலாக மொத்த மெக்சிகோ வளைகுடாக் கரையும் இதையே பார்த்துக்கொண்டிருந்தது. புயலின் மையம் கடைசியில் கடந்த இடமும், கடைசி மூன்று நாட்களில் வெளியான பாதைக் கூம்புகளின் (மையம் போகக்கூடிய வழியைக் காட்டும் கூம்பு வடிவப் படங்களின்) உள்ளேயோ விளிம்பிலோதான் இருந்தது. ஆனால் பெரும்பாலானவர்கள் கூம்பின் நடுவில் ஓடிய கோட்டைப் பார்த்தார்கள். அந்தக் கோடு லீ கவுன்டிக்கு வடக்கே உள்ள டாம்பா நகரைத் தொட்டபோது, டாம்பாவுக்குத் தெற்கே இருந்தவர்கள் தங்களுக்குத் தொல்லை இல்லை என்று நினைத்தார்கள். உண்மையில் கோடு டாம்பாவுக்கே போயிருந்தாலும் கடல் ஏறும் பக்கத்தில் இருந்திருக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். இந்த ஆய்வு சொல்ல வருவது அதைத்தான்.

பருவமும் கடிகாரமும்

அட்லாண்டிக் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். 2022 விசித்திரமான ஆண்டு: ஆகஸ்ட் மாதத்தில் பெயரிடப்பட்ட புயல் ஒன்றுகூட உருவாகவில்லை, 1997க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. "இந்த வருஷம் பருவம் பொய்த்துவிட்டது" என்ற பேச்சு செப்டம்பர் தொடக்கத்தில் எங்கும் இருந்தது. பருவம் முழுவதும் எத்தனை புயல் வரும் என்ற எண்ணுக்கும், ஒரு குறிப்பிட்ட கரைக்கு என்ன வரும் என்பதற்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை. அந்த ஆண்டு பெருஞ்சூறாவளி, அதாவது வகை 3 அல்லது அதற்கு மேல், இரண்டே இரண்டுதான்: ஃபியோனாவும் இயனும்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து அட்லாண்டிக்கைப் பின்தொடர்பவர்கள் முதலில் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தேசிய சூறாவளி மையத்தின் முழு அறிவிப்புகள் ஃபுளோரிடா நேரம் காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வரும். நம் நேரத்தில் அவை முறையே பிற்பகல் 2:30, இரவு 8:30, மறுநாள் அதிகாலை 2:30, காலை 8:30. கரைக்கு எச்சரிக்கை விடப்பட்ட பின் இவற்றுக்கு நடுவே மூன்று மணி நேரத்துக்கு ஒரு இடைக்கால அறிவிப்பும் உண்டு. காற்று வேகத்தில் இன்னொரு வேறுபாடு இருக்கிறது. அமெரிக்க மையம் சொல்வது ஒரு நிமிடச் சராசரி, இந்திய வானிலைத் துறை சொல்வது மூன்று நிமிடச் சராசரி. அதே புயலுக்கு அமெரிக்க எண் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வங்கக் கடல் புயல் ஒன்றின் வேகத்தை இயனின் 240 கி.மீ.யோடு நேராக ஒப்பிடக்கூடாது.

அலை முதல் பெயர் வரை

இயனின் மூலம் செப்டம்பர் 14–15 வாக்கில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைத் தாண்டி வந்த ஒரு வெப்பமண்டல அலை. ஒரு வாரம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 21ஆம் தேதி வாக்கில் விண்ட்வர்ட் தீவுகளைக் கடந்து கரீபியனுக்குள் வந்தபோது அதற்கு 98எல் என்ற எண் இருந்தது. 90 முதல் 99 வரையிலான எண்கள் சுழற்சி முறையில் வருபவை. 'எல்' என்பது அட்லாண்டிக்கைக் குறிக்கும். இந்த எண் கிடைத்துவிட்டால் புயல் உருவாகும் என்று பொருளில்லை. அந்த இடத்தைச் சுற்றிக் கணினி முன்னறிவிப்பு மாதிரிகளின் தனி ஓட்டங்களும் செயற்கைக்கோள் மதிப்பீடுகளும் தொடங்கிவிட்டன என்று மட்டுமே பொருள்.

இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டியது இடிமேகத்தின் அளவை அல்ல, கீழ்மட்டத்தில் காற்று மூடிய சுழலாக இருக்கிறதா என்பதை. பகலில் செயற்கைக்கோளின் (2022இல் அது கோஸ்-16) கட்புலப் படத்தை அசைவாக ஓடவிட்டால் தாழ்மேகங்கள் எந்தப் புள்ளியைச் சுற்றுகின்றன என்பது தெரியும். அகச்சிவப்புப் படத்தை மட்டும் பார்ப்பவர்கள், இடிமேகக் குவியலின் நடுவில் மையம் இருப்பதாக எண்ணி ஏமாறுவார்கள். இயனில் அதுதான் நடந்தது. வடக்கே பெர்முடா பக்கம் போய்க்கொண்டிருந்த ஃபியோனாவின் மேல்மட்ட வெளியோட்டம் வடகிழக்கிலிருந்து இதன்மேல் வீசியது. அந்தக் காற்று முறிவால் (உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறுவதால்) இடிமேகங்கள் தென்மேற்காகத் தள்ளப்பட்டன, மையமோ அவற்றின் விளிம்பில் நின்றது. ஃபியோனா 24ஆம் தேதி கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கரையேறிய பிறகுதான் அந்த அழுத்தம் விலகியது.

23ஆம் தேதி காலை 5 மணிக்கு ஒன்பதாம் எண் தாழ்வு மண்டலமாக முதல் அறிவிப்பு. இங்கே ஒரு சின்னக் குழப்பம். எழுத்து வரிசைப்படி அடுத்த பெயர் ஹெர்மீன். கரீபியனில் இருப்பதுதான் ஹெர்மீன் ஆகும் என்று பல ஊடகங்கள் முன்கூட்டியே பேசிக்கொண்டிருந்தன. ஆனால் அதே நாளில் ஆப்பிரிக்கக் கரையருகே உருவான பத்தாம் எண் மண்டலம் சில மணி நேரம் முந்திப் புயலாகி ஹெர்மீன் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. ஒன்பதாம் எண்ணுக்கு அன்று இரவு 11 மணிக்கு இயன் என்ற பெயர் வந்தது. கோப்புகளையும் படங்களையும் சேமிப்பவர்கள் பெயரை நம்பாமல் ஏஎல்092022 என்பது போன்ற அடையாள எண்ணின்கீழ் சேமித்தால் இப்படிச் சிக்கல் வராது.

இரண்டு மாதிரிகள், இரண்டு கரைகள்

24, 25 தேதிகளில் பெரிய விவாதம் தொடங்கியது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி புயலை மேற்கே வைத்து, ஃபுளோரிடாவின் வடமேற்குப் பகுதியான பான்ஹேண்டிலை நோக்கிக் கொண்டுபோனது. ஐரோப்பிய மாதிரி கிழக்கே வைத்து, டாம்பாவுக்கும் அதற்குத் தெற்குக்கும் கொண்டுவந்தது. வேறுபாட்டின் வேர் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மேலடுக்கில் இறங்கிவந்த தாழ்வுப் பள்ளம். அது எவ்வளவு ஆழமாக இறங்கும், அது இறங்கும் நேரத்தில் புயல் எவ்வளவு வடக்கே வந்திருக்கும், எவ்வளவு உயரம்வரை திரண்டிருக்கும் என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம் அது. உயரமாகத் திரண்ட புயல் மேலடுக்குக் காற்றின் பிடியில் வளையும். தட்டையான, பலவீனமான சுழல் தாழ்மட்டக் காற்றோடு மேற்கே நகரும்.

தேசிய சூறாவளி மையம் நடுவழியில் கோடு போட்டது. 25ஆம் தேதி கோடு மேற்கே சாய்ந்தது, 26ஆம் தேதி கிழக்கே திரும்பி டாம்பா அருகே வந்தது, 27ஆம் தேதி சரசோட்டா, வெனிஸ் என்று இறங்கியது, 28ஆம் தேதி சார்லட் துறைமுகப் பகுதியில் நின்றது. ஒரே திசையில் அடுத்தடுத்து இத்தனை தடவை கோடு நகர்ந்தால் அது தற்செயல் அல்ல, இன்னும் நகர இடமிருக்கிறது என்பதற்கான அறிகுறி. இந்த நகர்வை வரைந்து வைத்திருக்க வேண்டும். பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

மாதிரிகளைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பது ஒற்றை ஓட்டத்தை நம்புவது. ஒரே மாதிரியைத் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுவது தொகுப்பு: ஐரோப்பியத் தொகுப்பில் 51 உறுப்புகள், அமெரிக்கத் தொகுப்பில் 31. அவற்றின் விரிவைப் பார்த்தால் 25ஆம் தேதியே பான்ஹேண்டில் முதல் லீ கவுன்டியின் ஃபோர்ட் மையர்ஸ்வரை சாத்தியங்கள் பரந்து கிடந்தது தெரிந்திருக்கும். இன்னொன்று நேரம் தொடர்பானது. காலை 5 மணி அறிவிப்பு அதிகாலை 2 மணி நிலையை வைத்து எழுதப்படுகிறது. அதில் கலந்திருப்பவை முந்தைய இரவின் மாதிரி ஓட்டங்கள். காலையில் வெளிவரும் புதிய ஓட்டம் 11 மணி அறிவிப்பில்தான் தெரியும். "மாதிரி மாறிவிட்டது, மையம் இன்னும் மாற்றவில்லையே" என்ற கோபம் பெரும்பாலும் இந்த ஆறு மணி நேர இடைவெளியைக் கணக்கில் எடுக்காததால் வருவது. மையத்தின் முன்னறிவிப்பாளர்கள் ஒரே தாவலில் கோட்டைத் தூக்கிப் போடுவதில்லை. அடுத்த ஓட்டம் திரும்பிவிட்டால் மக்கள் குழம்புவார்கள் என்பதால் படிப்படியாகவே நகர்த்துவார்கள்.

இதையெல்லாம் அவர்கள் மறைப்பதில்லை. ஒவ்வொரு அறிவிப்போடும் வரும் முன்னறிவிப்பு விவாதம் என்ற உரையில் எந்த மாதிரி எங்கே போகிறது, எதை ஏன் நம்பவில்லை என்பதைத் தாங்களே எழுதிவிடுவார்கள். வரைபடத்துக்கு முன் அந்த ஒரு பக்கத்தைப் படிப்பதைவிடப் பயனுள்ள பழக்கம் இதில் வேறு இல்லை.

கியூபாவும், இரட்டைக் கண்சுவரும்

26ஆம் தேதி அதிகாலை இயன் சூறாவளியானது. 27ஆம் தேதி அதிகாலை 4:30 மணிக்கு கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்தில், லா கொலோமா அருகே, மணிக்கு 205 கி.மீ. வேகத்தில் வகை 3 சூறாவளியாகக் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் குறைந்தது 30 நாட் (கடல்மைல் வேக அலகு), அதாவது மணிக்கு 55 கி.மீ. வேகம் கூடினால் அதற்கு அதிதீவிர வலுவாக்கம் என்று பெயர். இயன் அந்த எல்லையைத் தாண்டியே கியூபாவை அடைந்தது. அன்று கியூபாவின் மின்தொகுப்பே முழுவதும் சரிந்து நாடு இருளில் மூழ்கியது.

தீவின் மேற்கு முனை குறுகலானது. புயல் அதைக் கடக்கச் சில மணி நேரமே ஆனது, அமைப்பு பெரிதாகக் குலையவில்லை. 27 இரவு டிரை டொர்ட்டுகாஸ் தீவுகள் அருகே வந்தபோது கீ வெஸ்ட் ரேடாரில் இரண்டு கண்சுவர்கள் (புயலின் கண்ணைச் சுற்றி நிற்கும் இடிமேக வளையங்கள்) ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்தன. வெளிச்சுவர் உள்ளே வரும் ஈரக்காற்றைப் பறித்துக்கொள்ள, உள்சுவர் தேய்ந்து மறையும். பிறகு வெளிச்சுவர் சுருங்கிப் புதிய, பெரிய கண்ணாகும். இந்த மாற்றத்தின்போது காற்று வேகம் தேங்கும் அல்லது சற்றுக் குறையும். "பலவீனமடைகிறது" என்று செய்தி போடும் தருணமும் அதுவே. ஆனால் காற்று வீசும் பரப்பு அதற்குள் விரிந்துவிட்டிருக்கும். கடலைத் தள்ளும் வேலைக்கு வேகத்தைப் போலவே பரப்பும் வேண்டும். இயனில் இந்த மாற்றம் முடிந்தவுடன், 29–30 டிகிரி வெப்பத்தில் இருந்த மேற்கு ஃபுளோரிடாத் திட்டின் (கரையை ஒட்டிய ஆழமில்லாத கடற்பரப்பின்) மேல் அது இரண்டாம் முறை வலுத்தது. 28 காலை உச்ச வேகம் மணிக்கு 250 கி.மீ. என்று அப்போது சொல்லப்பட்டது. 2023 ஏப்ரலில் வந்த இறுதி அறிக்கை அதை 260 கி.மீ., வகை 5, அழுத்தம் 937 மில்லிபார் என்று திருத்தியது.

இந்தத் திருத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள விமான அளவீடுகளை அறிய வேண்டும். மிசிசிப்பியின் கீஸ்லர் தளத்திலிருந்து பறக்கும் விமானப்படையின் 53ஆம் வானிலை உளவுப் பிரிவும், அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் பி-3 விமானங்களும் வழக்கமாக 700 மில்லிபார் மட்டத்தில், ஏறத்தாழ 3 கி.மீ. உயரத்தில் கண்ணை ஊடுருவும். அந்த உயரத்தில் அளந்த வேகத்தில் 90 சதவீதத்தைத் தரைமட்டக் காற்றாக எடுத்துக்கொள்வது பொதுவிதி. அதோடு இறக்கையில் உள்ள நுண்ணலைமானி கடல் நுரையின் ஒளிர்வை வைத்துக் காற்றைக் கணிக்கும். டிராப்சோண்ட் என்ற உணரிக்குழல் விழுந்துகொண்டே அழுத்தமும் காற்றும் அனுப்பும். இந்த மூன்றும் ஒத்துப்போகாதபோது நேரடி அறிவிப்பில் ஒரு சமரச எண்ணையே எழுதுவார்கள். பருவம் முடிந்து எல்லாவற்றையும் மறுபடி அலசும்போது எண் மாறும். பின்தொடர்பவர் கவனிக்க வேண்டிய முதல் எண் காற்று அல்ல, மைய அழுத்தம். அது நேரடியாக அளக்கப்படுவது, காற்றைவிடத் தடுமாற்றம் குறைந்த எண். ஒவ்வொரு ஊடுருவலுக்குப் பின்னும் வரும் சுழல் தரவுச் செய்தியில் அழுத்தம், கண்ணின் விட்டம், கண்சுவர் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதெல்லாம் இருக்கும். இரண்டு ஊடுருவல்களுக்கு இடையே அழுத்தம் விழுந்தால் காற்று பின்னாலேயே ஏறும் என்று எதிர்பார்க்கலாம்.

கோணம் செய்த வேலை

பாதைக் கூம்பு என்பது புயலின் மையம் எங்கே போகலாம் என்பதற்கு மட்டுமான படம். முந்தைய ஐந்து ஆண்டுகளின் பிழைகளை எடுத்து, மூன்றில் இரண்டு முறை மையம் உள்ளே அடங்கும்படி 12, 24, 36 மணி நேரம் என்று ஒவ்வொரு முன்னறிவிப்புப் புள்ளிக்கும் ஒரு வட்டம் வரைந்து இணைப்பார்கள். 2022இல் அந்த வட்டங்களின் ஆரம் 24 மணி நேர முன்னறிவிப்புக்கு 72 கி.மீ., 48 மணி நேரத்துக்கு 124, 72 மணி நேரத்துக்கு 185, ஐந்தாம் நாளுக்கு 370. புயல் பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும், அன்றைய மாதிரிகள் ஒத்துப்போனாலும் பிரிந்து நின்றாலும், அந்த ஆண்டு முழுக்க இதே அகலம்தான். மூன்றில் ஒரு முறை மையம் வெளியே போகும் என்பதும் அதிலேயே அடக்கம். காற்று, மழை, கடல் ஏற்றம் எதுவும் கூம்புக்குள் இல்லை.

இனி கரையின் கோணத்துக்கு வருவோம். மேற்கு ஃபுளோரிடாக் கரை தெற்கு தென்கிழக்கிலிருந்து வடக்கு வடமேற்காக ஓடுகிறது. இயன் தெற்கிலிருந்து வடக்கு வடகிழக்காக, கரையை ஒட்டினாற்போல் ஏறியது. புயல் கரையைச் செங்குத்தாகச் சந்தித்தால் 50 கி.மீ. பக்கவாட்டுப் பிழை கரையிலும் 50 கி.மீ. பிழைதான். 30 பாகையில் சந்தித்தால் அதே பிழை கரையோரம் 100 கி.மீ. ஆகும், ஏனென்றால் 30 பாகையின் சைன் மதிப்பு அரை. டாம்பா விரிகுடாவின் வாய்க்கும் கயோ கோஸ்டாவுக்கும் இடையே கரையோரத் தூரம் சுமார் 110 கி.மீ. அப்படியானால் பக்கவாட்டில் 55 கி.மீ. விலகினாலே ஊர் மாறிவிடும். அந்த 55 கி.மீ. ஒரு நாள் முன்னறிவிப்பின் வழக்கமான பிழை வட்டத்துக்குள்ளேயே அடங்குகிறது. கடக்கும் நேரமும் இதனால் முன்னே வந்துவிடும். கோட்டைப் பார்த்தவர்களுக்குப் புயல் "திரும்பியது" போலத் தெரிந்தது. கணக்குப் போட்டவர்களுக்கு அது எதிர்பார்க்க வேண்டிய விலகல்.

2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி சூறாவளி இதையே செய்து காட்டியிருந்தது. டாம்பாவை நோக்கி என்று சொல்லப்பட்ட சார்லி முன்னதாகவே வலப்பக்கம் வளைந்து, இதே கயோ கோஸ்டாவில், இதே 240 கி.மீ. வேகத்தில் கரையைக் கடந்தது. ஆனால் சார்லி மிகச் சிறிய புயல், வேகமாகக் கடந்துபோனது. லீ கவுன்டியின் சனிபெல், எஸ்டெரோ தீவுகளில் அப்போது ஏறிய நீர் ஆறேழு அடி என்று கண்பார்வையில் மதிப்பிட்டார்கள். "சார்லியையே பார்த்துவிட்டோம்" என்று இயனுக்கு வீட்டிலேயே தங்கியவர்கள் பலர். வேகம் அதேதான். ஆனால் இயனின் கண்ணுக்குள்ளேயே சார்லியின் கண்ணும் கண்சுவரும் அடங்கிவிடும், அதோடு இயன் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மெல்ல நகர்ந்தது. வகை எண் என்பது ஓரிடத்தின் உச்சக் காற்று மட்டுமே. கடல்நீரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை, 2010 வாக்கிலேயே அந்த அளவுகோலிலிருந்து கடல் ஏற்றம் நீக்கப்பட்டுவிட்டது.

நீர்

வடகோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. மேற்கு நோக்கிய கரையில் நிற்பவருக்கு விதி எளிது: மையம் உங்களுக்கு வடக்கே கடந்தால் காற்று கடலிலிருந்து வரும், நீர் ஏறும். தெற்கே கடந்தால் காற்று நிலத்திலிருந்து வீசும், நீர் வடியும். 28ஆம் தேதி டாம்பா விரிகுடாவில் நீர் வெளியேறித் தரை தெரிந்தது. மக்கள் இறங்கி நடந்தார்கள், இறங்க வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரிக்க வேண்டியிருந்தது. அதே நேரத்தில் தெற்கே ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் தரைக்கு மேல் 10 முதல் 15 அடி நீர் நின்றது. சனிபெல் பாலச்சாலை பல இடங்களில் அறுந்தது, பைன் தீவுக்கான சாலையும் மட்லாச்சா அருகே துண்டானது.

இந்த விதியை 26ஆம் தேதி வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கோடு டாம்பாவில். லீ கவுன்டி அதற்குத் தெற்கே, அதாவது நீர் ஏறும் பக்கத்தில். டாம்பாவில் கடந்திருந்தால் லீயில் ஏற்றம் 15 அடிக்குப் போயிருக்காது, ஆனால் ஆபத்தான அளவில் இருந்திருக்கும். கோடு தெற்கே வர வர அது மோசமாகவே ஆகும். எந்தப் பக்கம் பிழை போனாலும் லீக்கு நீர் உண்டு என்ற நிலை அது. டாம்பாவுக்கோ நேர்மாறு: கோடு கொஞ்சம் தெற்கே நகர்ந்தாலே தப்பிவிடும். கவனம் முழுவதும் டாம்பாவின் மேல் இருந்தது. தேசிய சூறாவளி மையத்தின் அப்போதைய பொறுப்பு இயக்குநர் ஜேமி ரோம் கடல் ஏற்றத் துறையிலேயே வளர்ந்தவர். மையப்புள்ளியைப் பார்க்காதீர்கள், நீரைப் பாருங்கள் என்பதே அவர் தரப்பின் செய்தியாக இருந்தது.

இங்கே நீர் இவ்வளவு உயர்வதற்குக் காரணம் அடித்தரை. மேற்கு ஃபுளோரிடாத் திட்டு கரையிலிருந்து வெகுதூரம் ஆழமில்லாமல், மிக மெல்லச் சரியும் தளம். ஆழ்கடலாக இருந்தால் மேலே தள்ளப்பட்ட நீர் அடியில் திரும்பி ஓடிவிடும். ஆழமில்லாத திட்டில் திரும்ப இடமில்லை, குவியும். அதற்கு மேல் சார்லட் துறைமுகம், காலூசஹாட்சி ஆற்றின் வாய் போன்ற புனல் வடிவ நீர்ப்பரப்புகள் அதை உள்ளே இழுத்துக் குறுக்கும்.

முன்னறிவிப்பு எண்ணை எப்படிப் படிப்பது என்பதிலும் இடறல்கள் உண்டு. அறிவிப்பில் "12 முதல் 18 அடி" என்று வந்தால் (28 காலை எங்கிள்வுட் முதல் பொனிட்டா பீச் வரை வந்த எண் அதுதான்) அது தரைக்கு மேல் நிற்கக்கூடிய நீர், கடல்மட்டத்துக்கு மேல் அல்ல. அந்தப் பகுதியில் எங்காவது ஓரிடத்தில் அந்த உயரம் வரலாம், எல்லா இடத்திலும் அல்ல. கூடவே வரும் வெள்ளச் சாத்திய வரைபடம், பல நூறு சாத்தியப் பாதைகளை ஓட்டி, பத்தில் ஒரு பங்கு வாய்ப்புடன் மிஞ்சக்கூடிய உயரத்தைக் காட்டுவது. "நடக்கும்" என்று சொல்லும் படமல்ல, "இதற்குத் தயாராக இரு" என்று சொல்லும் படம். இந்தப் படம் ஒற்றைக் கோட்டிலிருந்து பிறப்பதல்ல என்பதால் கோடு நகர்ந்தாலும் அதிகம் குதிக்காது. கூம்பைவிட இதை நம்பிப் பார்க்கலாம்.

அளவிகளைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. ஃபோர்ட் மையர்ஸ் அளவி பதிந்த உச்சம் 7.26 அடி, அந்த நிலையத்தின் சாதனை. கடற்கரையில் 10–15 அடி என்பதோடு இது முரண்படுவதாகத் தோன்றும். அளவி நிற்பது கடற்கரையில் அல்ல, காலூசஹாட்சி ஆற்றுக்குள், நகரத்தை ஒட்டி. அது அளப்பது சராசரி உயர் ஓதத்துக்கு மேலான உயரத்தை, தரைக்கு மேலான உயரத்தை அல்ல. அடிப்படை மட்டம் எது என்று பார்க்காமல் இரண்டு எண்களை ஒப்பிடக்கூடாது. நேப்பிள்ஸ் அளவி உச்சத்துக்கு முன்பே தரவு அனுப்புவதை நிறுத்திவிட்டது. வரைபடத்தில் கோடு அறுந்தாலோ தட்டையானாலோ நீர் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் அளவிதான் நின்றிருக்கும்.

வெளியேறும் நேரம்

டாம்பா விரிகுடாவைச் சுற்றிய ஹில்ஸ்பரோ, பினெல்லஸ் கவுன்டிகள் 26ஆம் தேதி திங்கட்கிழமையே தாழ்வான பகுதிகளுக்குக் கட்டாய வெளியேற்றம் அறிவித்தன. லீ கவுன்டியின் உத்தரவு 27 காலை வந்தது: வெளியேற்ற வரிசையில் முதலில் வரும் ஏ மண்டலம், அடுத்த பி மண்டலத்தின் சில பகுதிகள், பிறகு மேலும் சில. புயல் கரையைக் கடந்தது 28 பிற்பகல். காகிதத்தில் முப்பது மணி நேரத்துக்கு மேல். ஆனால் வெளியேறும் நேரத்தைக் கரை கடக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணவே கூடாது. மணிக்கு 63 கி.மீ. காற்று தொடங்கியவுடன் பாலங்களில் பயணம் ஆபத்தாகிவிடும், மீட்பு வண்டிகள் நிறுத்தப்படும். லீயில் 28 காலையிலேயே அந்த நிலை. இரவைக் கழித்தால் மிஞ்சியது 27ஆம் தேதியின் ஒரே பகல்பொழுது. சனிபெல், எஸ்டெரோ போன்ற தடுப்புத் தீவுகளில் வெளியே வர ஓரிரு பாலங்களே உண்டு. முதியவர்கள் அதிகம் வாழும் இடங்கள் அவை.

தேசிய சூறாவளி மையம் இதற்கென்றே ஒரு படம் வெளியிடுகிறது: புயல் வேகக் காற்று எப்போது வந்துசேரும் என்பது. அதில் இரண்டு பதிப்புகள். ஒன்று, மிக முன்னதாக வரக்கூடிய நியாயமான நேரம், அதற்கு முன்னால் வருவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பே உண்டு. மற்றொன்று, பெரும்பாலும் வரக்கூடிய நேரம். உறவினருக்குச் சொல்லும்போது முதல் பதிப்பையே சொல்ல வேண்டும். வீட்டின் வெளியேற்ற மண்டல எழுத்தைப் பருவம் தொடங்கும் முன்பே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும், புயல் நாளில் கவுன்டியின் தளம் நெரிசலில் திறக்காது. நீருக்காகத் தப்பிக்கப் பல நூறு கி.மீ. போக வேண்டியதில்லை. மண்டலத்துக்கு வெளியே சில பத்து கி.மீ. உள்நாட்டில், உறுதியான கட்டடம் போதும்.

கரைக்கு உள்ளே

கரை கடந்தபின் பார்வையாளர்கள் படத்தை மூடிவிடுகிறார்கள். இயன் குறுக்காகத் தீபகற்பத்தைக் கடக்க ஒரு நாள் எடுத்துக்கொண்டது. சார்லட் கவுன்டியின் குரோவ் சிட்டியில் 26.95 அங்குலம், அதாவது 680 மி.மீ.க்கு மேல் மழை. பீஸ் ஆறு ஆர்கேடியா நகரை மூழ்கடித்தது. மயாக்கா ஆறு பெருகி ஐ-75 நெடுஞ்சாலையை மூடவைத்தது, அது காற்று ஓய்ந்து வெயில் வந்த பிறகு. கிழக்கே செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரைகளில் வெள்ளம் வாரக்கணக்கில் நின்றது. காற்று வேகம் புயல் நிலைக்குக் குறைந்து கேப் கனாவரல் பக்கம் அட்லாண்டிக்கில் இறங்கிய இயன், மறுபடி சூறாவளியாகி, 30ஆம் தேதி பிற்பகல் 2:05க்கு தென் கரோலைனாவின் ஜார்ஜ்டவுன் அருகே வகை 1 புயலாக மறுபடி கரையேறியது. 29, 30 தேதிகளில் கூம்பைவிட்டு ஆற்று அளவிகளுக்கும் மழை வெள்ள எச்சரிக்கைகளுக்கும் பார்வையை மாற்றியிருக்க வேண்டும். ஆறுகள் உச்சம் தொடுவது புயல் போன இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகே.

இயன் என்ற பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு அதன் இடத்தில் இட்ரிஸ் சேர்க்கப்பட்டது. அறிவிப்புகள் எல்லாம் மையத்தின் காப்பகத்தில் அப்படியே இருக்கின்றன. பயிற்சி வேண்டுபவர்கள் 2022 செப்டம்பர் 26 காலை 11 மணி அறிவிப்பைத் திறந்து, பின்னால் நடந்ததை மறந்துவிட்டு, இந்த வரிசையில் படித்துப் பார்க்கலாம்: முதலில் முன்னறிவிப்பு விவாதம், அடுத்து அடிக்கணக்கில் கடல் ஏற்றப் பட்டியல், பிறகு காற்று வந்துசேரும் நேரம், ஒவ்வோர் ஊருக்குமான காற்று நிகழ்தகவு அட்டவணை. கூம்பைக் கடைசியில் திறக்கவும். அதில் டாம்பாவுக்கும் ஃபோர்ட் மையர்ஸுக்கும் தனித்தனியே, கோடு 55 கி.மீ. கிழக்கே நகர்ந்தால் நீர் ஏறுமா வடியுமா என்று எழுதி, அதை 28 மாலை அளவிகளோடு ஒப்பிடவும்.